நாய் மரபணுக் கிட்: இனம் சொல்கிறது, முலைக்கட்டி பற்றி மூச்சே இல்லை

நாயின் கன்னத்து உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து அனுப்பினால் என்ன இனம், என்ன வியாதி என்றெல்லாம் சொல்கிறோம் என்று விற்கிறார்களே, அந்தக் கிட் பற்றித்தான் எழுதுகிறேன். இனம் பார்க்க ஆசை, கையில் காசும் இருக்கிறது என்றால் வாங்குங்கள். முலைக்கட்டி பயத்தில் வாங்குவதென்றால் வேண்டாம்.

எங்களுடையது துரை பங்களா வழி வந்த ஸ்பானியல் கலப்புப் பெட்டை. அதன் தாய், தாயோடு பிறந்த இன்னொரு பெட்டை, இரண்டுமே வயிற்றடியில் கட்டி வந்துதான் செத்தன, அதனால்தான் பரம்பரையா என்று பார்க்க நினைத்தோம். நுவரெலியாவிலிருந்து அனுப்புவது பெரிய தலையிடி என்பதால் கனடாவிலிருந்து லீவில் வந்த சித்தப்பா மகன் கிட்டைக் கொண்டுவந்து, திரும்பும்போது குச்சியையும் எடுத்துக்கொண்டு போனான்.

ரிப்போர்ட் பார்க்க அழகு. பாதிக்கு மேல் காக்கர் ஸ்பானியல், மிச்சம் நம்ம ஊர்நாய். நோய்ப் பட்டியலும் நீளம். ஐவர்மெக்டின் ஒத்துக்கொள்ளுமா என்று காட்டும் எம்டிஆர்1 மரபணு கூட இருக்கிறது, சொறிக்கு அந்த மருந்து கொடுப்பார்கள் என்பதால் அது பிரயோசனம்தான். முலைப் புற்றுநோய்க்கு மட்டும் ஒரு வரி இல்லை. பெட்டியில் ‘ஆரோக்கியம்’ என்று அவ்வளவு பெரிதாகப் போட்டால் வாங்குகிறவர் என்ன நினைப்பார்?

நியாயமும் சொல்ல வேண்டும். ஒரே மரபணு பழுதாகி வரும் நோயைத்தான் இப்படிக் கண்டுபிடிக்கலாம். முலைப் புற்றுநோயில் பல மரபணுக்களுக்குக் கொஞ்சம் கொஞ்சம் பங்கு, அதோடு வயதும் பெண் ஹோர்மோனும் சேர்கின்றன. சுவீடனில் பெட்டைகளுக்குக் கருத்தடை செய்யும் வழக்கம் குறைவு, அதனால் இந்தக் கட்டியை ஆராய அங்கே நாய்களும் கிடைத்தன. 2009இல் வந்த ஆய்வில், மனிதரின் மார்பகப் புற்றுநோயில் பேர்போன பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்களுக்கு ஸ்பிரிங்கர் ஸ்பானியல்களின் முலைக்கட்டியோடும் தொடர்பு தெரிந்தது. ஆனால் ஓர் இனத்தில் தொடர்பு தெரிவதை வைத்துக்கொண்டு காக்கர் கலப்பான எங்கள் நாய்க்கு வரும், வராது என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்பானியல், பூடில், டாக்ஸ்ஹண்ட் வகைகளில் இது அதிகம், தாய்வழியிலும் கண்டிருக்கிறோம் என்றால் கவனமாக இருக்க அதுவே போதும், அதற்கு ரிப்போர்ட் எதற்கு?

அந்தக் காசைக் கருத்தடை ஆபரேஷனுக்குக் கொடுக்கலாம். கருத்தடை செய்யாத நாயோடு ஒப்பிட்டால், முதல் பருவத்துக்கு, அதாவது முதன்முதலாக இணை சேரத் தயாராகும் காலத்துக்கு, முன்பே செய்த நாய்க்கு ஆபத்து 0.5 சதவீதம்தான், ஒரு பருவம் கழிந்தால் 8, இரண்டு கழிந்தால் 26 என்று 1969இல் வந்த அமெரிக்க ஆய்வு சொன்னது. பழைய கணக்கு, ஆதாரம் பலவீனம் என்று பிறகு விமர்சித்தும் இருக்கிறார்கள், ஆனாலும் இன்றுவரை மிருக வைத்தியர்கள் எடுத்துச் சொல்வது அதைத்தான். எந்த வயதில் செய்வது என்பதை உங்கள் வைத்தியரிடம் பேசி முடிவெடுங்கள். அப்புறம், குளிக்க வார்க்கும்போது ஐந்து சோடி முலைகளையும் விரலால் தடவிப் பாருங்கள், முக்கியமாகப் பின்னங்கால் பக்கம் இருக்கும் இரண்டு சோடியை. பட்டாணி அளவு கட்டி என்றாலும் காட்டுங்கள். எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை, ஏறக்குறைய பாதிதான் கெட்டது, அதையும் வெட்டியெடுத்த கட்டியைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

இனத்துக்கு ஐந்தில் நான்கு, ஆரோக்கியத்துக்கு இரண்டு. எம்டிஆர்1 தேவையில்லை என்றால் இனம் மட்டும் பார்க்கும் மலிவான கிட்டை எடுங்கள்.