பல் கம்பி கழற்றி 4 வருடம் கழித்து மறுபடி அளந்தபோது

26 மாதம் பல்லுக்குக் கம்பி போட்டிருந்தேன். கழற்றி 4 வருடம் ஆகிறது. போன மாதம் கீழ் முன்பல் ஒன்று நாக்கில் இடறியது. பழைய பல் அச்சுகளோடு ஒப்பிட்டு மறுபடி அளந்து தரும்படி டாக்டரிடம் கேட்டேன்.

அவர் அளப்பது ‘பார்’ (PAR) என்ற குறியீட்டில். 1992-ல் பிரிட்டனில் வெளியான முறை அது. சிகிச்சைக்கு முன்பும் பின்பும் எடுத்த அச்சுகளைச் சின்ன அளவுகோலால் அளந்து மதிப்பெண் போடுவார்கள். குறையக் குறையத்தான் நல்லது. மேல் முன்பற்கள் எடுப்பாக இருந்தால் கிடைக்கும் மதிப்பெண்ணை 6-ஆல் பெருக்குவார்கள். மேல், கீழ்ப் பற்களின் நடுக்கோடு ஒன்றுக்கொன்று விலகியிருந்தால் 4, மேற்பல் கீழ்ப்பல்லை மூடும் ஆழத்துக்கு 2. முன்பல் நெருக்கத்துக்கு வெறும் 1.

ஆரம்பத்தில் எனக்கு 34. அதில் 18, மேற்பல் 8 மி.மீ. எடுப்பாக இருந்ததற்கு மட்டும். கழற்றிய அன்று 4. 22 புள்ளி குறைந்தாலே பெரிய முன்னேற்றம் என்பார்கள். எனக்கு 30 குறைந்திருந்தது. உதடு மூடாமல் தூங்கி, வாய் வறண்டு எழுந்தவளுக்கு அந்த 18 போனது எவ்வளவு பெரிய நிம்மதி!

இப்போது 7. கணக்குப்படி இன்னமும் நல்ல பலன்தான். ஆனால் கூடிய அந்த 3 முழுக்கக் கீழ் முன்பல் நெருக்கம். தினமும் கண்ணாடியில் நான் பார்ப்பதும், ஃபிளாஸ் (பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்) சிக்குவதும் அங்கேதான். குறியீட்டுக்கு அது சின்னது, எனக்கு இல்லை.

தவறு என்னுடையது. பல் பழைய இடத்துக்கு நகராமல் பிடித்து வைக்கும், கழற்றி மாட்டக்கூடிய ரிட்டெய்னரை முதல் வருடம் தினமும் இரவில் போட்டேன். அப்புறம் வாரம் 2 நாள். ஒருநாள் அது பல்லில் ஏறவே இல்லை, டப்பாவில் வைத்துவிட்டேன். திருப்பி நேராக்கிய பல்லை ஈறின் நார்கள் பழைய இடத்துக்கு இழுக்கும். போதாததற்கு, கம்பியே போடாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்கும்.

என் மேல் கோரைப்பல்லில் பிராக்கெட் (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டு) இருந்த இடத்தைச் சுற்றி ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது, சரியாகத் துலக்காததால் வந்தது. இந்த மதிப்பெண்ணில் அதற்கு இடமே இல்லை. ஈறின் நிலைக்கும் வேர் குட்டையாவதற்கும் இடமில்லை. வேரைப் பார்க்க எக்ஸ்ரே வேண்டும். அதனால் கம்பி போடப் போகிறவர்கள் முன்-பின் மதிப்பெண்ணோடு எக்ஸ்ரேயையும் கேட்டு வாங்கி வையுங்கள். 2 வருடம் கழித்து ஒருமுறை அளக்கவும் சொல்லுங்கள்.

மேலும் நகராமலிருக்க எனக்குக் கீழ்ப்பற்களின் பின்புறம் மெல்லிய கம்பி ஒட்டியிருக்கிறார்கள். அதைச் சுற்றிப் பற்காரை சீக்கிரம் படிகிறது. தினமும் ராத்திரி ஃபிளாஸைக் கம்பிக்கு அடியில் நுழைத்துச் சுத்தம் செய்கிறேன்.