சிங்கப்பூர் இரவுப் பந்தயம்: தங்குவது மெரினா பேயிலா, லிட்டில் இந்தியாவிலா, ஜொகூர் பாருவிலா?

பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து ஆட்களுக்கு மோட்டார் பந்தயம் புதிதல்ல. செட்டிபாளையத்து காரி மோட்டார் ஸ்பீட்வே பக்கத்திலேயே இருக்கிறது. 2005-ல் பார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூர்க்காரர். வெளிநாட்டுக்குப் போய் ஒரு பந்தயம் பார்க்கலாம் என்று நாலு பேர் பேச ஆரம்பித்தால், பேச்சு சிங்கப்பூரின் பார்முலா ஒன் இரவுப் பந்தயத்தில்தான் போய் நிற்கும். கோவையிலிருந்து நேர் விமானம் இருக்கிறது; அது கிடைக்காவிட்டால் நெடும்பாசேரி (கொச்சி விமான நிலையம்) இருக்கிறது.

வழக்கமாக நடப்பது இதுதான்: முதலில் பந்தய டிக்கெட், அடுத்து விமானம், கடைசியில் அறை. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். டிக்கெட் ஓரளவு கடைசி வரை கிடைக்கும், விமானத்துக்கு மாற்று வழி உண்டு. நல்ல இடத்தில் நியாயமான விலைக்கு இருக்கும் அறைகள்தான் முதலில் தீரும். பந்தயத் தேதி வெளியான வாரத்திலேயே, இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறை ஒன்றைப் பிடித்து வையுங்கள். டிக்கெட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2026-ல் பந்தயம் அக்டோபர் 9 முதல் 11 வரை. இந்த முறை ஸ்பிரின்ட் எனும் குட்டிப் பந்தயமும் சேர்ந்த வார இறுதி என்பதால் வெள்ளிக்கிழமையும் வெறும் பயிற்சியோடு முடியாது. ஆக வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று இரவும் அறை வேண்டும். முக்கியப் பந்தயம் ஞாயிறு இரவு 8 மணிக்கு, நம்மூர் நேரம் மாலை ஐந்தரை. கொடி விழும்போது மணி பத்தை நெருங்கிவிடும். அதன் பிறகு பாடாங் மைதானத்தில் இசை நிகழ்ச்சி. கூட்டம் கலையும்போது நள்ளிரவு. எந்த இடத்தில் தங்கலாம் என்று முடிவு செய்யும்போது அறை வாடகையைவிட, அந்த நேரத்தில் அங்கே எப்படித் திரும்புவது என்பதை முதலில் பாருங்கள்.

பந்தயப் பாதையை ஒட்டிய ஓட்டல்கள்

பான் பசிபிக், ரிட்ஸ் கார்ல்டன், ஸ்விஸ்ஸோட்டல் ஸ்டாம்ஃபோர்ட் போன்றவை மெரினா பே சாலைப் பந்தயத் தடத்தை ஒட்டியே இருக்கின்றன. நடுவில் மழை பிடித்தால் அறைக்குப் போய் உடை மாற்றிக்கொண்டு வரலாம். வயதான அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்கு அது பெரிய வசதி.

விலை ஏன் அப்படி ஏறுகிறது என்பதற்கு ஒரு காரணம் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. 2008-ல் முதல் பந்தயம் நடந்தபோதே, பந்தய நாட்களின் அறை வருமானத்தில் ஒரு பங்கைச் சுற்றுலா வாரியம் தீர்வையாக வாங்கும் என்று விதித்தார்கள். தடத்தை ஒட்டிய ஓட்டல்களுக்கு 30 சதவீதம், மற்றவற்றுக்கு 20 சதவீதம். அந்தச் சுமை அறை விலையில்தான் வந்து விழும். அதோடு குறைந்தது இத்தனை இரவு தங்க வேண்டும், முழுப் பணமும் முன்கூட்டியே கட்ட வேண்டும், ரத்து செய்தால் ஒரு காசும் திரும்பாது என்ற நிபந்தனைகளும் சேர்ந்து வரும். தடம் தெரியும் அறைக்குத் தனி விலை. ‘சிட்டி வியூ’ என்று எழுதியிருந்தால் பந்தயம் தெரியாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சுற்றிலும் சாலைகளை மூடிவிடுவதால் டாக்ஸி வாசல் வரை வராது. பெட்டியை இழுத்துக்கொண்டு கடைசிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருக்கும். பணம் ஒரு பொருட்டில்லை என்றால் இதற்கு மிஞ்சிய இடமில்லை. மற்றவர்கள் இதை மனதிலிருந்து எடுத்துவிடலாம்.

லிட்டில் இந்தியா, ஜாலான் பசார், லாவெண்டர்

எங்கள் தேர்வு இந்த வட்டாரம்தான். லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் டவுன்டவுன் பாதையில் ஏறினால் ரோச்சோர், பூகிஸ், அடுத்து புரோமனாட். மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கினால் பந்தயத் தடத்தின் பிட் பக்கம், அதாவது கார்கள் டயர் மாற்ற நிற்கும் பக்கம். லாவெண்டரில் கிழக்கு மேற்குப் பாதையில் ஏறினால் பூகிஸ், அடுத்தது சிட்டி ஹால். பாடாங் பக்கத்து டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாதை சரி. எந்த வாசல் வழியாக நுழைய வேண்டும் என்று டிக்கெட்டிலேயே போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு அறையின் ரயில் பாதையை முடிவு செய்யுங்கள். தடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கூட்டத்துக்குள் நடப்பது லேசான வேலை இல்லை.

திரும்பும்போதுதான் இந்த வட்டாரத்தின் அருமை தெரியும். பந்தய இரவுகளில் ரயில் நேரத்தை நீட்டிப்பார்கள். ஆனால் சிட்டி ஹால் நிலையத்துக்கு ஒரே நேரத்தில் எல்லோரும் வந்து சேர்வதால் கயிறு கட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே விடுவார்கள். அந்த வரிசையில் நிற்காமல் நடந்துவிடலாம். பிட் பக்கம் வெளியே வந்தால் நிக்கோல் நெடுஞ்சாலை, ரிபப்ளிக் அவென்யூ, கிராஃபோர்ட் தெரு, அதைத் தாண்டினால் லாவெண்டர். நடைபாதை முழுக்க வெளிச்சம். நிதானமாக நடந்தாலும் அரை மணி நேரம் போதும். பாடாங்கிலிருந்து நார்த் பிரிட்ஜ் சாலையைப் பிடித்து, பூகிஸ் வழியாகச் செராங்கூன் சாலைக்குப் போக முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை இருந்தால் பூகிஸ் வரை நடந்து அங்கே ரயில் ஏறுங்கள், நெரிசல் பாதியாகக் குறைந்திருக்கும்.

சாப்பாட்டுக்கும் இங்கே கவலை இல்லை. காலையில் இட்லி, வடை, காபி; செராங்கூன் சாலையில் 1947 முதல் இருக்கும் கோமள விலாஸ் மாதிரிக் கடைகள். நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும் பெரிய கடை முஸ்தபா சென்டர். தமிழிலேயே வழி கேட்டுக்கொள்ளலாம்.

குறைகளும் உண்டு. இங்கே மலிவான அறை என்றால் மிகச் சின்ன அறை. கட்டிலைச் சுற்றி நடக்க இடமிருக்காது, இரண்டு பெட்டியைத் தரையில் ஒரே சமயத்தில் விரிக்க முடியாது. பல அறைகளுக்கு ஜன்னலே கிடையாது. முன்பதிவுப் பக்கத்தில் அது சின்ன எழுத்தில் இருக்கும். படத்தில் திரைச்சீலை தெரிகிறது என்று நம்பிவிடாமல் ‘ஜன்னல்’ என்ற சொல் அறை விவரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பேர் அறையில் மூன்றாவது ஆள் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்ளலாம் என்ற நம்மூர்க் கணக்கு அங்கே செல்லாது. கடவுச்சீட்டு காட்டிப் பதிவான ஆட்கள் மட்டும்தான் தங்கலாம். ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். பயம் ஒன்றுமில்லை, நடையின் வேகம் மட்டும் குறையும்.

தனியாகப் போகும் இளைஞர்களுக்கு இதே வட்டாரத்தில் கேப்சூல் படுக்கை விடுதிகள் (ஓர் ஆள் படுக்கும் அளவுக்குப் பெட்டி போன்ற படுக்கைகள்) இருக்கின்றன. பூட்டும் பெட்டி எந்த அளவு என்று கேளுங்கள். கைப்பை அளவுதான் என்றால் பெரிய பெட்டி பொது இடத்தில் கிடக்கும்.

விலை பார்க்கும்போது இரட்டைக் கூட்டல் குறியைக் கவனியுங்கள். 200 டாலர் என்று போட்டுப் பின்னால் ‘பிளஸ் பிளஸ்’ இருந்தால், முதலில் 10 சதவீதம் சேவைக் கட்டணம், 220 ஆகும். அந்த 220-க்கு மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி. கடைசியில் கட்டுவது 239 டாலர் 80 காசு. இரண்டு ஓட்டலை ஒப்பிடும்போது ஒன்று வரியோடும் ஒன்று வரியில்லாமலும் இருந்தால் கணக்கு மொத்தமாகத் தவறிவிடும்.

கேலாங்

லாவெண்டருக்கு அடுத்த காலாங், அல்ஜுனிட் நிலையங்களை ஒட்டிய கேலாங்கில் விலை இன்னும் குறையும். ஆனால் அங்கே இரட்டை எண் போட்ட சந்துகளில் பாலியல் தொழில் நடக்கும் வீடுகள் இருக்கின்றன. குடும்பத்தோடு போகிறவர்கள் முகவரியில் ‘லோரோங்’ (சந்து) என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஜொகூர் பாரு

எல்லைக்காரர்களான நமக்கு இந்த யோசனை இயல்பாகவே வரும். மலேசியப் பக்கம் மலிவு, நடுவில் ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள பாலம்தானே, தினமும் போய் வரலாமே என்று. கோவை பஸ்ஸில் உட்கார்ந்தபடி வாளையாறைத் தாண்டுவது போல அது இருக்காது. சிங்கப்பூரின் குயீன் தெருவில் 170 அல்லது சி டபிள்யூ 2 பேருந்தில் ஏறுகிறீர்கள். எல்லையிலுள்ள உட்லண்ட்ஸில் எல்லோரும் மூட்டை முடிச்சோடு இறங்க வேண்டும். மேலே ஏறி சிங்கப்பூர் குடிநுழைவு, கீழே இறங்கி அதே நிறுவனத்தின் அடுத்த பேருந்து. வந்த பேருந்து உங்களுக்காக நிற்காது. பாலத்தைத் தாண்டி மறுபடி இறங்கி, மலேசியக் குடிநுழைவு. அதன் பிறகுதான் ஊருக்குள் நடை.

வெள்ளிக்கிழமை சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, மூன்று இரவும் ஜொகூரில் தங்கி, திங்கட்கிழமை சாங்கிக்கே திரும்புகிறவர் பாலத்தை ஆறு முறை கடக்கிறார். ஆறு முறை என்றால் பன்னிரண்டு கவுன்டர். சிங்கப்பூருக்குள் ஒவ்வொரு முறை நுழையும்போதும் வருகை அட்டையை இணையத்தில் புதிதாக நிரப்ப வேண்டும், அது நான்கு. மலேசியாவுக்கும் அதே மாதிரி டிஜிட்டல் அட்டை, அது மூன்று. வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இவற்றை நிரப்ப வேண்டும்.

இந்தியர்களுக்கு மலேசியா 2026 டிசம்பர் 31 வரை விசா விலக்கு தந்திருக்கிறது. சிங்கப்பூருக்கு விசா கட்டாயம். ஜொகூரில் தங்க நினைப்பவர்கள் அந்த விசாவில் பலமுறை நுழைவு என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒருமுறை நுழைவு என்றால் முதல் இரவே திட்டம் முடிந்தது.

சனி, ஞாயிறுகளில் பாலத்தில் வண்டி நகராது. வார இறுதிக்காக ஜொகூர் போகும் சிங்கப்பூர்க்காரர்கள் ஞாயிறு மாலை திரும்பும் அதே நேரத்தில்தான் நீங்களும் பந்தயத்துக்கு வருகிறீர்கள். மதியத்துக்கு முன்பே பாலத்தைக் கடந்துவிட வேண்டும். இரவு திரும்புவது அதைவிடச் சிரமம். உட்லண்ட்ஸுக்கும் ஜேபி சென்ட்ரலுக்கும் இடையே ஐந்து நிமிடத்தில் ஓடும் ரயில் இருக்கிறது, அதன் டிக்கெட் வெகு முன்பே தீர்ந்துவிடும். பேருந்துகளும் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். அப்புறம் எல்லை தாண்டும் டாக்ஸிதான். மிச்சம் பிடித்த பணத்தில் பெரும்பகுதி அதற்குப் போகும். ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் புதிய ஆர்டிஎஸ் ரயிலுக்கு 2026 இறுதியை இலக்காக வைத்திருக்கிறார்கள். அக்டோபர் பந்தயத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

மலேசிய ஓட்டலில் வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனி. மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குள் நுழையும்போது மதுவுக்கு வரிச்சலுகை இல்லை, சிகரெட்டுக்கு எங்கிருந்து வந்தாலும் இல்லை.

ஜொகூரை முழுக்க ஒதுக்கவும் வேண்டாம். நெடும்பாசேரியிலிருந்து கோலாலம்பூர் வழியாகப் போகிறவர்கள் புதன், வியாழன் இரவுகளை அங்கே கழித்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலை பெட்டியோடு ஒரே முறை பாலத்தைக் கடந்து லாவெண்டர் பக்கம் வந்துவிடலாம். விலை ஏறும் மூன்று இரவுகள் மட்டும் சிங்கப்பூர், மற்றவை மலேசியா. இந்தக் கலவை நன்றாகவே வேலை செய்யும். படகில் இந்தோனேசியத் தீவான பாத்தாமுக்குப் போய் வரலாமா என்று கேட்பவர்களுக்கு: பந்தயம் முடிந்து துறைமுகம் சேரும்போது கடைசிப் படகு போயிருக்கும்.

வீடு வாடகை, தெரிந்தவர் வீடு

இணையத்தில் சிங்கப்பூர் அடுக்குமாடி வீடு மூன்று நாளைக்கு என்று கிடைத்தால் தொட வேண்டாம். தனியார் வீடுகளைக் குறைந்தது 3 மாதத்துக்கும், அரசின் எச்டிபி வீடுகளை 6 மாதத்துக்கும்தான் வாடகைக்கு விடலாம். மூன்று நாள் வாடகை சட்டவிரோதம். கடைசி நேரத்தில் வீட்டுக்காரர் கைவிரித்தால் புகார் செய்யவும் வழியிருக்காது. சொந்தக்காரர் வீட்டில் விருந்தாளியாகத் தங்குவது வேறு விஷயம், அதில் தவறில்லை. ஆனால் கட்டுமான வேலைக்குப் போன ஊர்ப் பையனின் டார்மிட்டரியில் படுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வெளியாட்களுக்கு அங்கே அனுமதி இல்லை. மாட்டினால் அவருடைய வேலைக்குத்தான் ஆபத்து.

முன்பதிவு செய்த பிறகு

ரத்து செய்யும் கடைசித் தேதியை நாட்காட்டியில் குறித்து, அதற்கு ஒரு வாரம் முன்னால் மறுபடி விலை பாருங்கள். குறைந்திருந்தால் புதியதைப் பிடித்த பிறகு பழையதை விடுங்கள், முதலில் விட்டுவிடாதீர்கள். கெடு நேரம் சிங்கப்பூர் நேரப்படி இருக்கும், நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். செப்டம்பரில் ஓட்டலுக்கே நேராக மின்னஞ்சல் போட்டு, பெயர், தேதி, ஆள் எண்ணிக்கை, கட்டில் வகை எல்லாவற்றையும் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். இணையதளத்தில் பதிவு இருந்தும் ஓட்டல் பட்டியலில் பெயர் இல்லாமல் போவது இந்த மாதிரி நெருக்கடி வாரங்களில்தான்.

ஞாயிறு இரவு அறையை மிச்சம் பிடிக்கலாம் என்று பலர் நினைப்பார்கள். காலையில் அறையைக் காலி செய்தால் பெட்டியை ஓட்டலிலேயே விட்டுப் போக வேண்டும். நள்ளிரவில் அதை எடுக்க வரவேற்பு மேசையில் ஆள் இருப்பாரா என்று கேளுங்கள், சின்ன விடுதிகளில் இரவு 11 மணிக்கே கதவு பூட்டிவிடும். திங்கள் காலை விமானம் என்றால் வியர்வையும் மழையுமாக நனைந்த உடம்போடு சாங்கி நாற்காலியில் ஐந்தாறு மணி நேரம் உட்கார வேண்டும். மூன்றாவது இரவுக்கும் பணம் கட்டிவிடுங்கள். முடியவில்லை என்றால் அந்த ஓர் இரவுக்கு மட்டும் லாவெண்டரில் ஒரு கேப்சூல் படுக்கை. குளிக்க வெந்நீர், படுக்க இடம், காலையில் கிழக்கு மேற்குப் பாதையிலேயே ஏறி, தானா மேராவில் மாறினால் சாங்கி.