790 யூரோ, 120 விண்ணப்பம், இரண்டு நட்சத்திரம்

ஜெர்மனியில் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் வெளிநாட்டு மாணவர்களுக்கு, "உங்களுக்காக நாங்களே விண்ணப்பம் போடுகிறோம்" என்று ஒரு வகை சேவை உண்டு. இன்ஸ்டாகிராமில் ஒரே ஒரு தடவை 'ஜெர்மனி ஜாப்' என்று தேடிப் பாருங்கள், அப்புறம் ஒரு மாதத்துக்கு வேறு விளம்பரமே கண்ணில் படாது. அப்படி ஒன்றில் 2025 மார்ச்சில் பணம் கட்டினேன். பெயர் வேண்டாம்.

கெம்னிட்ஸில் உற்பத்திப் பொறியியல் முதுகலை. தீசிஸ் கொடுத்து, மார்க் வந்து, பல்கலைக்கழகப் பதிவிலிருந்தும் பெயர் எடுத்தாகிவிட்டது. இங்கே பட்டம் வாங்கியவர்களுக்கு வேலை தேட 18 மாதம் வரை அனுமதி கொடுக்கிறார்கள், அதுவரை எந்த வேலையும் பார்க்கலாம். நான் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கி வாடகை கட்டிக்கொண்டிருந்தேன். ஐந்து மாதம் ஓடிவிட்டது. நைட் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது தூக்கக் கலக்கத்தில் ஒரு மெசேஜ் தட்டிவிட்டேன். வீட்டுக் கதவைத் திறப்பதற்குள் ஃபோன். "சிஸ்டர், நீங்க இன்டர்வியூவுக்கு மட்டும் ரெடியா இருங்க. மத்ததெல்லாம் எங்க டீம் பாத்துக்கும்" என்றார் ஒரு தம்பி. அந்த நேரத்தில் யாராவது அப்படிச் சொல்ல மாட்டார்களா என்றுதான் இருந்தது.

790 யூரோ. மூன்று மாதம், 120 விண்ணப்பம், சிவி திருத்தம், இரண்டு மாதிரி நேர்காணல்.

சிவி திருத்தம் நிஜமாகவே நன்றாக இருந்தது. ஒதுக்கிய ஆலோசகர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஜெர்மன் பெண்மணி, பல வருடம் ஹெச்ஆரில் இருந்தவர். சிவியைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, என் இன்டர்ன்ஷிப் சான்றிதழைத் திரையில் போடச் சொன்னார். இங்கே ஆர்பைட்ஸ்ட்ஸொய்க்னிஸ் என்பார்கள். அதில் "ட்ஸு உன்ஸரர் ஃபோலன் ட்ஸுஃப்ரீடன்ஹைட்" என்று ஒரு வரி. எங்களுக்கு முழுத் திருப்தி தரும்படி வேலை செய்தார் என்று அர்த்தம். இரண்டு வருடமாக அந்த வரியைப் பெருமையாக எல்லா விண்ணப்பத்தோடும் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "இது மூன்றாம் கிரேடு" என்றார். பள்ளி மார்க் மாதிரி, ஒன்றுதான் உயர்ந்தது. முழுத் திருப்தி என்றால் மூன்று. அதற்கு முன்னால் "ஸ்டெட்ஸ்", அதாவது "எப்போதும்", சேர்ந்தால் இரண்டு. "எப்போதும்" என்பதோடு "ஃபோலன்" போய் "ஃபோல்ஸ்டன்" ஆனால் ஒன்று. வெறுமனே "திருப்தி" என்றால் நான்கு. சான்றிதழில் குறை எழுதினால் வழக்கு வரும் என்று எல்லாரையும் புகழ்ந்துதான் எழுதுவார்களாம், புகழ்ச்சியின் அளவில்தான் சங்கதி இருக்கிறதாம். பழைய மேலாளருக்கு என்ன எழுத வேண்டும் என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். எட்டாம் நாள் "ஸ்டெட்ஸ்" சேர்ந்த புதுச் சான்றிதழ் வந்தது. இதற்கு மட்டும் 150 யூரோ கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன்.

இனி அந்த 120.

ஏழாவது வாரம், கிடங்கில் சாப்பாட்டு இடைவேளையில் ஃபோன். ஒரு பெண் வேகமாக ஜெர்மனில் பேசினார். கம்பெனி பெயர்கூட எனக்குப் பிடிபடவில்லை. மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஒரு நொடி அமைதி. பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, "உங்கள் சிவியில் ஜெர்மன் 'ஃபெர்ஹாண்ட்லுங்ஸ்ஸிஷர்' என்று இருக்கிறதே?" என்றார். பேரம் பேசும் அளவுக்குச் சரளம் என்று பொருள். நான் வைத்திருப்பது பி1, நடுத்தர நிலை. அந்தச் சொல்லை நான் எழுதவில்லை, ஆனால் அடியில் இருப்பது என் பெயர். மன்னிப்புக் கேட்டு வைத்தபோது காது சுட்டது.

அன்று இரவு அவர்கள் தந்திருந்த ஷீட்டை வரி வரியாகப் பார்த்தேன். அதுவரை போட்டிருந்த 83-இல் 34 இடங்கள் வெர்க்ஸ்டூடென்ட் வேலை. படித்துக்கொண்டிருப்பவர்களுக்கான வேலை அது, செமஸ்டர் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான். பதிவு நீங்கிய எனக்கு அதை யாரும் தரவே முடியாது. இன்னொரு 29 இடங்களில் சி1 ஜெர்மன், அதாவது என்னுடையதைவிட இரண்டு படி மேலே, கட்டாயம். ஒரு கவர் லெட்டரின் மூன்றாவது வரியில் வேறொரு கம்பெனியின் பெயர். எண்ணிக்கையை நிரப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கேட்டதற்கு அதே தம்பி பயம் காட்டினார். "வருஷத்துக்கு 43,759 யூரோ 80 சென்ட் இல்லேன்னா விசா கிடைக்காது சிஸ்டர், அதான் வலையை அகலமா வீசுறோம்." அந்தத் தொகை ப்ளூ கார்டு என்கிற, நல்ல சம்பளம் வாங்கும் பட்டதாரிகளுக்கான அனுமதிக்கு, புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்கு 2025-இல் இருந்த வரம்பு. ப்ளூ கார்டு இல்லாமலும் குடியிருப்புச் சட்டத்தின் 18பி பிரிவில் பட்டதாரிகளுக்கு வேலை அனுமதி உண்டு. 45 வயதுக்குள் இருப்பவர்களுக்கு அதில் குறைந்தபட்சத் தொகை கிடையாது, சம்பளம் அந்த வேலைக்கு இங்கே வழக்கமாகத் தருகிற அளவில் இருக்க வேண்டும். இது அவருக்குத் தெரியாதா, தெரிந்தே சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று நுகர்வோர் ஆலோசனை மையத்துக்குப் போனேன். ஆன்லைன் ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை இருந்தது, அது எப்போதோ தாண்டிவிட்டது. அங்கிருந்தவர் ஒப்பந்தத்தைப் புரட்டிவிட்டு, "இதில் 'ஃபெர்மிட்லுங்' என்ற வார்த்தையை எங்கேயாவது பார்த்தீர்களா?" என்று கேட்டார். வேலையில் சேர்த்துவிடுவது என்று அர்த்தம். ஆறு பக்கத்திலும் இல்லை. எல்லா இடத்திலும் 'கோச்சிங்', 'ஆலோசனை'. காரணம் இருக்கிறது. ஜெர்மன் சட்டப்படி வேலை வாங்கித்தரும் தனியார் முகவர், வேலை தேடுபவரிடம் முன்பணம் வாங்கக் கூடாது. வேலை ஒப்பந்தம் கையில் வந்த பிறகுதான் கட்டணம், அதுவும் பொதுவாக 2,000 யூரோவுக்குள். கோச்சிங் என்று எழுதிவிட்டால் முதல் நாளே முழுப் பணம் கேட்கலாம். ஃபோனில் ஐம்பது தடவை ஜாப், ஜாப் என்றவர்கள் காகிதத்தில் ஒரு தடவைகூட அதற்கு உறுதி சொல்லவில்லை. ஒரு கடிதம் எழுதிப் போட்டேன், 200 யூரோ திரும்பி வந்தது. மேற்கொண்டு சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

வேலை ஆகஸ்டில் கிடைத்தது. தீசிஸ் செய்த ஆய்வகத்தில் எனக்கு முன்னால் இருந்த சீனியர் அக்கா சொன்ன இடம், நானே எழுதிய விண்ணப்பம். சம்பளம் 41,000. விசா 18பி-யில் வந்தது.

சேரலாமா என்று கேட்பவர்களுக்கு: இன்னும் படித்துக்கொண்டிருந்தால் முதலில் உங்கள் பல்கலைக்கழகத்தின் கேரியர் சென்டருக்குப் போங்கள். பெரும்பாலான இடங்களில் சிவியை இலவசமாகப் பார்த்துத் தருகிறார்கள். அதன் போஸ்டரைத் தாண்டித்தான் நான் இரண்டு வருடம் கேன்டீனுக்குப் போனேன். அப்படியும் காசு கொடுத்துத்தான் தீருவேன் என்றால், அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் கண்ணில் பட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு நட்சத்திரமும் அந்த ஆலோசகருக்காகத்தான். நன்றி சொல்லலாம் என்று போன வாரம் மெயில் போட்டேன். அவர் இப்போது அங்கே வேலை செய்யவில்லை என்று தானியங்கி பதில் வந்தது.