ஒரே சிலிண்டர் விட்டம், மூன்று ஸ்ட்ரோக்: ஹோண்டா எஸ்2000-க்கு எஃப்20சி-யா, எஃப்22சி-யா, கே24-ஆ?

டர்போ வேண்டாம், சூப்பர்சார்ஜர் வேண்டாம், ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் தயக்கமின்றிப் பதில் சொல்லும் நேச்சுரலி ஆஸ்பிரேட்டட் இன்ஜினே வேண்டும் என்று முடிவெடுத்த எஸ்2000 உரிமையாளருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. 1999-ல் காரோடு வந்த 2.0 லிட்டர் எஃப்20சி-யையே மெருகேற்றலாம். பின்னாளில் ஹோண்டாவே தந்த 2.2 லிட்டர் எஃப்22சி-யின் கிராங்க்கையும் அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளையும் அதே பிளாக்கில் பொருத்தலாம். இல்லையென்றால் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, அக்யூரா டிஎஸ்எக்ஸில் வந்த 2.4 லிட்டர் கே24-ஐ ஏற்றலாம்.

இவற்றில் எது அதிக பவர் தரும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியே சரியில்லை என்பது என் கருத்து. மூன்று இன்ஜின்களுக்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றுதான்: 87 மி.மீ. ஸ்ட்ரோக்தான், அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழே நகரும் தூரம்தான் மாறுகிறது: 84, 90.7, 99 மி.மீ. ஒரு இன்ஜின் நிமிடத்துக்கு எவ்வளவு காற்றை விழுங்கும் என்பதைப் பிஸ்டனின் பரப்பும் அதன் சராசரி வேகமும் தீர்மானிக்கின்றன. எஃப்20சி 9000 ஆர்பிஎம்மில் சுழலும்போது பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 25.2 மீட்டர். அதே வேகத்தை எஃப்22சி சுமார் 8300-லும் கே24 சுமார் 7600-லும் எட்டிவிடும். அந்தப் புள்ளியில் மூன்றும் விழுங்கும் காற்று ஒரே அளவு. வால்வுகள் அமர்ந்திருக்கும் ஹெட்டும் அவற்றைத் திறக்கும் கேமும் சமமாகச் சுவாசித்தால் உச்ச பவரும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். அந்தப் பவர் எந்த ஆர்பிஎம்மில் கிடைக்கிறது என்பதில்தான் வித்தியாசம். தெருவில் ஓட்டும் காருக்கு அதுவே முக்கியம்.

முதலில் எஃப்20சி. ஜப்பான் வடிவத்தில் 11.7 கம்ப்ரஷன் (காற்றும் எரிபொருளும் எத்தனை மடங்கு அழுத்தப்படுகின்றன என்ற விகிதம்), 8300 ஆர்பிஎம்மில் 250 பிஎஸ் பவர், 7500-ல் 218 நியூட்டன் மீட்டர் டார்க். லிட்டருக்கு 109 நியூட்டன் மீட்டர் வருகிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த 2 லிட்டர் இன்ஜினுக்கு இது அபாரமான எண். அதனால்தான் இதில் மேற்கொண்டு பிழிய அதிகம் இல்லை. ஹோண்டா எடுக்க வேண்டியதை முன்பே எடுத்துவிட்டது. நல்ல ஹெடர் (எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுதி), இன்டேக், தனி இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) போட்டால் மேல்முனையில் கொஞ்சம் கிடைக்கும். அதைவிடப் பெரிய லாபம், 6000-ஐ ஒட்டி வேலைசெய்யத் தொடங்கும் விடெக்கை, அதாவது வால்வுகளை அதிகமாகத் திறக்கும் கேமுக்கு மாற்றும் அமைப்பை, முன்கூட்டியே இயங்க வைப்பது. ஏபி1 எனப்படும் முதல் வடிவ எஸ்2000-இன் கியர்பாக்ஸில் முதல் கியரை 9000 வரை இழுத்து இரண்டாவதுக்கு மாற்றினால் ஊசி 5900-க்கு விழும், அதாவது சரியாக விடெக் விளிம்பில். அந்த விளிம்பைக் கீழே இறக்கினாலே கார் வேறு மாதிரி ஓடும்.

கூடவே சில பலவீனங்களையும் தீர்த்தாக வேண்டும். பிஸ்டன் அடியில் எண்ணெய் பீய்ச்சும் ஜெட்டுகளின் போல்ட்டில் ஆரம்பகால கார்களில் 2 துளைகள்தான். பிறகு ஹோண்டா அதை 4 ஆக்கியது. தவறான கியருக்கு இறக்கி ரெவ் எகிறினால் ஏபி1-இன் வால்வு ஸ்பிரிங் ரிடெய்னர்கள் விரிசல் விடும்; பின்னால் வந்த ஏபி2 வடிவத்தின் ரிடெய்னர்களை மாற்றிப் போடுவது விஷயம் தெரிந்தவர்கள் வழக்கம். சிலிண்டர் சுவர் கார்பன், அலுமினா நார்கள் அலுமினியத்தோடு கலந்த வகை. அதை எல்லாக் கடையிலும் கொடுத்து போர் அடிக்க, அதாவது கடைந்து விட்டத்தைப் பெரிதாக்க முடியாது. பெரிய பிஸ்டன் வேண்டுமென்றால் சிலிண்டருக்குள் புதிய உறை (ஸ்லீவ்) போட வேண்டும். செலவு அங்கிருந்து எங்கேயோ போய்விடும்.

அடுத்து எஃப்22சி. இதன் பொறியியல் எனக்கு மிகவும் பிடித்தது. எஃப்20சி-யின் ராட் நீளம் 153 மி.மீ., அரை ஸ்ட்ரோக் 42, கூட்டினால் 195. எஃப்22சி-யில் ராட் 149.65, அரை ஸ்ட்ரோக் 45.35, கூட்டினால் அதுவும் 195. பிளாக் உயரத்தைத் தொடாமல் 160 சிசி சேர்த்திருக்கிறார்கள். நமக்கு அதனால் ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. 11.0 கம்ப்ரஷன் உள்ள அமெரிக்க எஃப்20சி-யின் பிஸ்டன்களையும் ஹெட்டையும் அப்படியே வைத்து 2.2 கிராங்க்கைப் போட்டால், கணக்குப்படி கம்ப்ரஷன் 11.8-ஐத் தொடும். உயர் ஆக்டேன் பம்ப் பெட்ரோலுக்கு அது தாங்கும். ஜப்பான் பிஸ்டன்களோடு என்றால் 12.5-க்குப் போகும், வெயில் காலத்தில் நெரிசலில் நிற்கும் காருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹோண்டா விற்ற 2.2, ஜப்பானில் 242 பிஎஸ், 221 நியூட்டன் மீட்டர். பவர் குறைந்துவிட்டதே என்று பலர் இதை ஒதுக்குகிறார்கள். ஆனால் அந்த டார்க் 6500-லேயே வந்துவிடுகிறது. லிட்டர் கணக்கில் 102-தான் என்பதால், இதில் இன்னும் எடுக்க இடமும் இருக்கிறது. எஃப்20சி அளவுக்குச் சுவாசிக்க வைத்தால் 235 நியூட்டன் மீட்டர் எட்டக்கூடியதே. ஒரே எச்சரிக்கை: பழைய ஞாபகத்தில் இதையும் 9000-க்கு விரட்டக் கூடாது. அங்கே பிஸ்டன் வேகம் 27.2 மீட்டர்; ராடும் அதன் போல்ட்டுகளும் தாங்கும் விசை வர்க்கக் கணக்கில் ஏறும்.

கே24-இன் வாதம் பணமும் டார்க்கும். டிஎஸ்எக்ஸில் 4500 ஆர்பிஎம்மிலேயே 225 நியூட்டன் மீட்டர். எஃப் வரிசையில் இல்லாத விடிசி இதில் உண்டு. இன்டேக் கேமின் கோணத்தை ஓட்டத்திலேயே மாற்றும். பெரிய கேம் போட்டாலும் நடு ரேஞ்ச் செத்துப்போகாததற்கு அதுவே காரணம். இரும்பு லைனர் என்பதால் போர் அடிப்பதும் எளிது. கே-ப்ரோ போன்ற ட்யூனிங் வசதி நன்றாக முதிர்ந்திருக்கிறது. சிஆர்-வி-யிலிருந்து எடுத்த கே24-ஐ மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். அதன் விடெக் சிக்கனத்துக்கானது, எக்ஸாஸ்ட் பக்கம் கிடையவே கிடையாது.

ஆனால் எஸ்2000-க்குள் இதை ஏற்ற எண்ணெய்ச் சட்டி, மவுன்ட், கியர்பாக்ஸோடு இணைக்கும் தட்டு, ஹெடர், வயரிங் என்று எல்லாமே புதிது. ரெவ்வை உயர்த்த, அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட் இல்லாத கே20-இன் (இதே வரிசையின் 2.0 லிட்டர் இன்ஜின்) எண்ணெய் பம்ப் வேண்டும். அதை மாற்றியதும், 99 மி.மீ. ஸ்ட்ரோக்கும் 1.54 ராட் விகிதமும் (ராட் நீளத்தை ஸ்ட்ரோக்கால் வகுத்தது) உள்ள நான்கு சிலிண்டரின் அதிர்வு இருக்கையிலும் ஸ்டீயரிங்கிலும் தெரியும். காரின் 4.10 ஃபைனல் டிரைவ் (பின் அச்சில் உள்ள கடைசி கியர் விகிதம்) 9000-க்காகத் தேர்ந்தது; 7600-ல் கியர் மாற்றினால் ஒவ்வொரு கியரும் சீக்கிரம் தீர்ந்துபோகும். கலிஃபோர்னியா போன்ற இடங்களில் மாற்று இன்ஜினின் மாடல் ஆண்டையும் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் சோதிப்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிலிண்டருக்கு ஒன்றாகக் காற்று வாயிலைத் திறக்கும் தனித்தனி த்ராட்டில் பாடிகள் மூன்று இன்ஜின்களுக்கும் கிடைக்கும். சத்தமும் கூர்மையும் அருமை. தினசரி காருக்கு ஐடில், ஃபில்டர், ட்யூனிங் மூன்றும் தொல்லை. அந்தப் பணத்தை ஹெடரிலும் டைனோ (பவரை அளந்து ட்யூன் செய்யும் மேடை) நேரத்திலும் போடலாம்.

நல்ல நிலையில் உள்ள எஃப்20சி கையில் இருந்தால் அதைப் பிரிக்காதீர்கள். விடெக்கை இறக்கி, ரிடெய்னர் மாற்றி ஓட்டுங்கள். இன்ஜின் உடைந்து மாற்று எஃப்20சி-க்குக் கேட்கும் விலை மலைக்க வைத்தால், அல்லது கார் டிராக்குக்கே போகிறதென்றால், கே24 நியாயமான தேர்வு. எப்படியும் இன்ஜினைப் பிரிக்கத்தான் போகிறோம் என்ற நிலையில் தெருவுக்காக என் பணத்தைப் போடுவதென்றால் 2.2 கிராங்க்கில்தான் போடுவேன்: 11.8 கம்ப்ரஷன், புதிய ராட் போல்ட்டுகள், 4 துளை ஜெட் போல்ட்டுகள், தனி இசியு, ரெவ் லிமிட் 8300.