திசுப் பொருத்தப் பரிசோதனைக் கூடம்: வேலை சுத்தம், அறிக்கைதான் புதிர்

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண். குறைத்த ஒன்றரையும் அந்த அறிக்கைத் தாளுக்காக.

டயாலிசிஸில் இருந்த எனக்குச் சிறுநீரகம் தர முதலில் முன்வந்தவர் என் கணவர். ரத்த வகை ஒத்துப்போயிற்று. அடுத்தது திசுப் பொருத்தம். ரத்தம் எடுத்த பெண் ஒவ்வொரு குழாயிலும் ஒட்டியிருந்த பெயரை எங்களையே வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்தார். அந்தக் கவனத்துக்கு முழு மதிப்பெண்.

அறிக்கை மூன்று பக்கம். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில், ஆறு எச்.எல்.ஏ. குறிகளில் (தன்னுடையது எது, அந்நியம் எது என்று உடல் அடையாளம் காணும், செல்களின் மேலுள்ள குறிகள்) ஒன்றுதான் பொருத்தம் என்றிருந்தது. அவர் முகம் வாடிவிட்டது. மூன்றாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் 'கிராஸ்மேட்ச்: பாசிட்டிவ்'. "பார்த்தாயா, பாசிட்டிவ்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டையுமே தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தோம். அதைச் சொல்லக் கவுன்டரில் ஆள் இல்லை.

பிறகு மருத்துவர்தான் உட்காரவைத்து விளக்கினார். குறிகள் பொருந்தாதது அவ்வளவு பெரிய தடை இல்லையாம். 1995-இல் திசுப் பொருத்த ஆய்வாளர் டெராசாகியின் குழுவினர் வெளியிட்ட அமெரிக்கக் கணக்கை எடுத்துக் காட்டினார். கணவன் மனைவிக்குள் தந்த சிறுநீரகங்களில் 85 சதவீதம் மூன்று ஆண்டு தாண்டியும் வேலை செய்தன. பெற்றோர் தந்தவற்றில் 82, இறந்தவர்களிடமிருந்து பெற்றவற்றில் 70. இத்தனைக்கும் தம்பதிகளுக்குள் திசுப் பொருத்தம் மிகக் குறைவு.

தடையாக நின்றது அந்தப் பொடி எழுத்து. கிராஸ்மேட்ச் என்பது கொடுப்பவரின் வெள்ளணுக்களைப் பெறுபவரின் சீரத்தோடு (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) சேர்த்துப் பார்ப்பது. பாசிட்டிவ் என்றால், அவருக்கு எதிரான ஆன்டிபாடிகள் என் ரத்தத்தில் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன. பொருத்திய சில மணி நேரத்திலேயே சிறுநீரகம் கெட்டுப்போகலாம். அவை எங்கிருந்து வந்தன? இரண்டு பிள்ளைகளைச் சுமந்தபோது, அவர்கள் அப்பாவிடமிருந்து கொண்டுவந்த குறிகளை என் உடல் அந்நியம் என்று குறித்துவைத்திருக்கிறது. (இத்தனை வருடக் குடித்தனத்தில் அவரோடு நான் போட்ட சண்டை எதுவும் இவ்வளவு ஆழமாகப் பதிந்ததில்லை.) ஆன்டிபாடிகளை வடித்தெடுத்துவிட்டுப் பொருத்தும் வழியும் உண்டு; வேறு கொடையாளர் கிடைத்தால் அது வேண்டாம் என்றார்.

அக்கா வந்தாள். கூடப்பிறந்தவர்களுக்குள் ஆறும் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. எங்களுக்கு மூன்று. கிராஸ்மேட்ச் நெகட்டிவ். அவள் சிறுநீரகத்தைப் பொருத்தி இரண்டு ஆண்டாகிறது; சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு 1.1, நன்றாகவே இருக்கிறது.

புதிய ஆன்டிபாடி ஏதும் உருவாகியிருக்கிறதா என்று பார்க்க இப்போதும் அதே கூடத்துக்குத்தான் போகிறேன். குழாயில் பெயரை வாசிக்கச் சொல்லும் வழக்கம் அப்படியே இருக்கிறது. அறிக்கைத் தாளும் அப்படியே. போன முறை பக்கத்து நாற்காலியில் ஒரு தம்பதி மூன்றாம் பக்கத்தை விரித்துவைத்து, "நெகட்டிவ் என்று போட்டிருக்கிறதே" என்று கலங்கிக்கொண்டிருந்தார்கள். நான்தான் எழுந்துபோய்ச் சொன்னேன்.