நான்கு ஆண்டு பகியா: துவைக்கும் வரை தெரியாத பிழைகள்

லக்னோவின் பூத்தையல் கலையான சிக்கன்காரியில், நிழல் தையலான பகியாவைக் கற்றுத்தரும் வகுப்பு ஒன்றில் பணம் கட்டிச் சேரலாமா என்று தோழி ஒருத்தி சென்ற வாரம் என்னிடம் கேட்டாள். அவள் கேட்டதற்கு முந்தைய நாள்தான், 14 மாதங்களாகத் தைத்துவந்த, மல்மல் எனும் மெல்லிய பருத்தித் துணியாலான வெள்ளைக் குர்த்தாவை முதன்முறையாகத் துவைத்து உலர்த்தியிருந்தேன். இடத் தோளில் நான் தைத்த 11 இலைகள் சுருங்கி, ஒவ்வொன்றும் சிறு கிண்ணம்போலக் குழிந்து நின்றன. அந்த மனநிலையில் அவளுக்குச் சொன்ன பதில் நியாயமானதுதானா என்று யோசித்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

பகியா எப்படி அமைகிறது என்பது பூத்தையல் பழகியவர்களுக்குத் தெரிந்ததே. துணியின் உட்புறத்தில் இலையின் இரு ஓரங்களையும் மாறி மாறிக் குத்தி, நூலைக் குறுக்கும் மறுக்குமாக ஓட்டிக்கொண்டு போகிறோம். வெளிப்புறத்தில் இரண்டு ஓரங்களிலும் சிறு தையல்கள் வரிசையாக விழ, நடுவிலுள்ள குறுக்கு நூல்கள் மெல்லிய துணியின் ஊடே நிழலாகத் தெரிகின்றன. உல்டா பகியா என்பது இதுதான். நூல்கள் வெளிப்புறத்திலேயே படுத்திருக்கும் சீதி பகியாவில் இந்த நிழல் விழுவதில்லை. தையல் வகுப்புகளில் ஹெர்ரிங்போன் என்று சொல்லித்தருவதும் இதே ஓட்டம்தான். பள்ளி நாட்களில் ஆர்கண்டித் துணியில் பச்சை நூலால் ஷேடோ வொர்க் செய்து பழகியிருந்ததால், சில வாரங்களில் இது கைக்கு வந்துவிடும் என்று நம்பினேன். தையல் வந்துவிட்டது. அது சரியாக வந்திருக்கிறதா என்பதைத் தைக்கும்போதே பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழிதான் நான்கு ஆண்டுகளாகியும் எனக்குப் பிடிபடவில்லை.

முதல் தடை அச்சு நீலம். வெளிர் நிறத் துணியில் மரக்கட்டை அச்சால் பதிக்கும் நீல் கோடும், அடர் நிறத் துணியில் பதிக்கும் சஃபேதா எனும் வெள்ளைக் கோடும், துவைத்தால் போய்விட வேண்டும் என்பதற்காகவே சாயம் பிடிக்காத கலவையில் செய்யப்படுகின்றன. அந்தக் கோடு சரியாக நம் தையல் விழ வேண்டிய இடத்திலேயே ஓடுகிறது. வெள்ளை நூலின் இருபுறமும் நீலம் எட்டிப்பார்க்கும்போது, இலையின் விளிம்பு கூர்மையாகவும் வளைவு பிசிறில்லாமலும் இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றுகிறது. உண்மையில் அந்தக் கூர்மை கட்டையைச் செதுக்கியவருடைய கையின் கூர்மை. நீலம் கரைந்து போனபின் மிஞ்சுவது நம் தையல் மட்டும்தான். ஓரிடத்தில் இரண்டு மில்லிமீட்டரும் அடுத்த இடத்தில் மூன்றுமாக அது தடுமாறியிருப்பது அப்போதுதான் தெரிகிறது. வளைந்த இலையில் வெளி ஓரத்தின் தையல் சற்று நீளமாகவும் உள் ஓரத்தின் தையல் சற்றுக் குறுகலாகவும் விழுந்தால்தான் இரண்டு வரிசைகளும் நுனியில் சேர்ந்து முடியும். இதைப் பிசகாகச் செய்த என் முதல் குர்த்தாவில் பெரும்பாலான இலைகள் நுனிக்கு வருமுன்பே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. நீலம் இருந்தவரை அவை எனக்கு அழகான இலைகளாகவே தெரிந்தன.

இதைவிடக் கொடியது கஞ்சி. கடையில் வாங்கும் மல்மல் பெரும்பாலும் கஞ்சி ஏறியதாகவே வருகிறது. விறைப்பாக நிற்கும் அந்தத் துணியில் நூலைச் சற்று இறுக்கி இழுத்தாலும் துணி அசைந்து கொடுப்பதில்லை. துவைத்ததும் கஞ்சி போய்த் துணி தளர்கிறது, அதுவரை அடக்கி வைக்கப்பட்டிருந்த இழுப்பு முழுவதும் வெளியே வந்துவிடுகிறது. முன்கூட்டியே துவைக்காத பருத்தியாக இருந்தால் முதல் சலவையில் துணியும் சுருங்கும். இதற்குப் பயந்து வளையச் சட்டத்தில் துணியை இறுக்கி மாட்டித் தைத்தால் எதிர்ப்பக்கக் கோளாறு வருகிறது: சட்டத்தைக் கழற்றியதும் விரிந்திருந்த துணி பழைய அளவுக்குத் திரும்புகிறது, உட்புறக் குறுக்கு நூல்கள் தொய்ந்து மோதிரத்திலும் வளையலிலும் மாட்டுகின்றன. அகலமான இதழ்களில் இது இன்னும் மோசம். என் அனுபவத்தில் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிய அகலத்துக்குப் பகியா போடாமல் இருப்பதே நல்லது, நடுவில் ஒரு நரம்பு வரைந்து இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். துணியை இடக்கை ஆட்காட்டி விரலின் மேல் லேசாகப் போர்த்திப் பிடித்துத் தைக்கும் முறையே பகியாவுக்குப் பொருந்துகிறது என்ற முடிவுக்கு நான் வர இரண்டு ஆண்டுகள் ஆயின.

நான் படித்த வகுப்பில் இவற்றில் ஒன்றையும் சொல்லவில்லை. தையலை மிகத் தெளிவாகக் காட்டினார்கள், அதை மறுக்க மாட்டேன். முடிச்சுப் போடாமல் நூல் முனையைக் குறுக்கு நூல்களுக்கு அடியில் நுழைத்து மறைக்கவும், ஓர் இலையிலிருந்து அடுத்த இலைக்கு நூலைத் தாவவிடாமல் அறுத்துத் தொடங்கவும் அவர்கள்தான் கற்றுத்தந்தார்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முடிச்சும் தாவலும் வெளியே கறைபோலத் தெரிந்திருக்கும். ஆனால் மூன்று மாத வகுப்பில் ஒரு முறைகூட ஒரு துண்டையாவது துவைத்துக் காட்டவில்லை. துவைக்காத பகியா பாதி வேலைதான் என்பதை ஆசிரியர் சொல்லாமல் விட்டதை என்னால் சிறிய குறையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் முதல் இலையில் செய்த பிழையை அறியாமலேயே 80 இலைகளில் அதைத் திரும்பத் திரும்பச் செய்து கைக்குப் பழக்கிவிட்டேன்.

லக்னோவில் வேலைகள் பிரிந்திருக்கும் முறையை நினைக்கும்போது இந்தக் குறை எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. அங்கே துணியை வெட்டுபவர் ஒருவர், அச்சிடுபவர் வேறொருவர். தைப்பவர்கள் காக்கோரி, மலிஹாபாத் போன்ற ஊர்களிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வீட்டிலிருந்தபடியே தைக்கும் பெண்கள். தைத்து முடித்த துணியை இடைத்தரகர் வாங்கிச் சென்றபின் கோமதி ஆற்றோரத்துச் சலவைத் தொழிலாளர்கள் நீலத்தை நீக்கி வெளுத்துக் கஞ்சி போடுகிறார்கள். தான் தைத்த இலை நீலம் போனபின் எப்படி இருந்தது என்பதைத் தைத்தவர் பார்க்காமலே போவது இந்த ஏற்பாட்டில் எளிதாக நடக்கும். அப்படியிருந்தும் நல்ல பகியாவில் வரிசை பிசகுவதில்லை; அந்த இழுப்பின் அளவை அவர்கள் விரலே அறிந்திருக்கிறது. விரைவாக இடத்தை நிரப்பும் தையல் என்பதாலேயே மலிவான சரக்கில் பகியாவைப் பெரிதுபெரிதாகப் போட்டுத் தள்ளுகிறார்கள், அதற்குக் கிடைக்கும் கூலியும் மிகக் குறைவு. ஆகவே பகியா என்றால் மட்டமான வேலை, அரிசி மணிபோன்ற முர்ரியும் வலைபோன்ற ஜாலியும்தான் உயர்ந்த தையல்கள் என்று சிலர் பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. சிக்கன்காரியில் 32 வகைத் தையல்கள் உண்டு என்று சொல்வது வழக்கம். அவற்றில் நான் முறையாகப் பழகியது இந்த ஒன்றைத்தான், இதுவே என் நான்கு ஆண்டுகளை எடுத்துக்கொண்டது. லக்னோ சிக்கன் 2008-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதைப் பதிவு செய்யும் அலுவலகம் இருப்பது நம் சென்னையில்தான் என்றாலும், நான் தைப்பதை அந்தப் பெயரால் அழைப்பதில்லை. நிழல் தையல் என்று மட்டுமே சொல்கிறேன்.

இத்தனை எரிச்சலுக்கும் நடுவில் இதை நான் விடாமல் இருப்பதற்குக் காரணமானதையும் சொல்லியாக வேண்டும். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் தைத்துத் துவைத்து உலர்ந்த ஓர் இலையைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அது சுற்றியுள்ள துணியைவிடக் கருமையாகத் தெரிகிறது, ஏனென்றால் நூல் நிறைந்த இடத்தில் வெளிச்சம் புகுவதில்லை. அதே இலையை ஓர் அடர் நிறத் துணியின் மேல் விரித்தால் சுற்றியுள்ள மல்மலில் அடித்துணியின் நிறம் ஏறி, இலை மட்டும் பால்போல வெளுத்து நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே நூல், ஒரே துணி. இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. முதல் மாதிரித் துண்டை உலர்த்திய அன்று மாலை, அதைச் சன்னலுக்கும் மேசை மேலிருந்த கருநீலப் புடவைக்குமாக எத்தனை முறை கொண்டுபோய்ப் பார்த்தேன் என்று கணக்கில்லை. வண்ண நூல்களில் ஆயிரம் பூ தைத்தாலும் கிடைக்காத மகிழ்ச்சி அது. நான்கு ஆண்டுகளில் அது சிறிதும் குறையவில்லை.

சுருங்கிய 11 இலைகளையும் இந்த வாரம் உட்புறமிருந்து அறுத்துப் பிரித்து, துணியை நனைத்து விரலால் நீவி உலர்த்தி, மறுபடியும் தைத்தேன். இலைகள் சமமாகப் படுத்துவிட்டன. ஆனால் பழைய ஊசித் துளைகள் முழுதும் மூடவில்லை. துவைத்து அமர்ந்த நூலுக்கு அருகில் புதிய நூலின் பளபளப்பும் தனித்துத் தெரிகிறது. சில சலவைகளில் இரண்டும் ஒன்றாகிவிடலாம். அதுவரை அந்தத் தோளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பதினொன்றும்தான் தெரியும்.

தோழிக்குச் சில வழிகளைச் சொன்னேன். துணியை வாங்கியதும் கஞ்சி முழுவதும் போகத் துவைத்துவிடு. ஒரு சாண் துண்டில் ஐந்தே இலைகள் தைத்துத் துவைத்து உலர்த்திப் பார்த்தபிறகே அடுத்த ஐந்தைத் தொடங்கு. தண்ணீரில் அழியும் பேனாவால் வரைந்தால் துவைக்கும் முன் இஸ்திரி போடாதே, சூடு பட்டால் மை நிலைத்துவிடும். துவைத்து உலர்ந்ததை உட்புறமாகவே இஸ்திரி செய், ஆனால் பெட்டியின் முனையில் குறுக்கு நூல்கள் மாட்டாதபடி மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டுக்கொள். அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பிறகு, "சரி அக்கா, சேரட்டுமா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். 14 மாதங்கள் தைத்தபிறகும் தன் வேலை நன்றாக இருக்கிறதா என்பதைத் தண்ணீரில் முக்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஒரு கலையை, பொழுதுபோக்குக்காகக் கேட்கும் ஒருத்திக்குப் பரிந்துரைக்க எனக்கு அன்று மனம் வரவில்லை. குர்த்தா காயாமல் இருந்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேனோ என்னவோ. துப்பட்டாவுக்காக வாங்கிய இரண்டரை மீட்டர் மல்மலை நேற்றிரவு ஊறவைத்தேன். இன்று காலை பிழிந்தபோது தண்ணீர் இன்னும் கலங்கலாகத்தான் வந்தது, இன்னொரு முறை அலச வேண்டும்.