திரையரங்கா, சந்தா மேடையா, திறந்த தளமா: முடிந்த படத்தை எந்த வழியில் அனுப்புவது?

படம் முடிந்துவிட்டது. படத்தொகுப்பு, ஒலிக்கலவை, நிறச் சீரமைப்பு எல்லாம் ஆயிற்று; கடன் மட்டும் முடியவில்லை. இனி எந்த வழியில் வெளியிடுவது என்ற பேச்சு வந்தால், பெரும்பாலானோர் "எதில் அதிகம் பேர் பார்ப்பார்கள்?" என்றுதான் தொடங்குவார்கள். அங்கே தொடங்குவது தவறு என்பது என் கட்சி. அதற்கு முன் கேட்க வேண்டியவை மூன்று. ஓடாவிட்டால் நஷ்டம் யார் தலையில்? எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு யார் கையில்? பத்து ஆண்டு கழித்து அது யார் சொத்து? இந்தக் கேள்விகளோடு திரையரங்கு, நெட்ஃப்ளிக்ஸ் போலச் சந்தா கட்டிப் பார்க்கும் சந்தா மேடை, யூடியூப் போன்ற திறந்த தளம் ஆகிய மூன்றையும் எதிரெதிரே நிறுத்தினால், விளம்பரங்களில் தெரியாத சில முகங்கள் தெரிய ஆரம்பிக்கும்.

திரையரங்கு: வெள்ளிக்கிழமைத் தீர்ப்பு

திரையரங்கில் பணம் வரும் பாதை எளிது. டிக்கெட் விற்கிறது, அரங்க உரிமையாளரும் விநியோகஸ்தரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் விநியோகஸ்தருக்கு ஏறக்குறைய பாதி கிடைக்கும், முதல் வாரங்களில் அவர் பங்கு கூடுதலாகவே இருக்கும். சீனாவில் வருவாய்ப் பங்கீட்டு முறையில் ஓடும் வெளிநாட்டுப் படத்துக்குக் கிடைப்பது 25 சதவீதம். ஆகவே "உலக வசூல் இத்தனை கோடி" என்று செய்தி படிக்கும்போது, அதில் பாதிக்கும் குறைவாகவே தயாரிப்பாளர் பக்கம் போய்ச் சேரும் என்று வைத்துக்கொள்வது நல்லது. விளம்பரச் செலவு அதற்குப் பிறகு கழியும்.

அந்த விளம்பரச் செலவுதான் இந்த வழியின் பெரிய சுமை. பெரிய படங்களையும் முதலில் சில நகரங்களில் மட்டும் வெளியிட்டு, வாய்மொழியாகப் பேர் பரவப் பரவ மற்ற ஊர்களுக்குக் கொண்டுபோகும் பழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. 1975 ஜூனில் 'ஜாஸ்' 400-க்கும் மேற்பட்ட அரங்குகளில் ஒரே நாளில் இறங்கியது. அதற்கு முந்தைய சில இரவுகளில் நாடு முழுவதும் தொலைக்காட்சியில் அதன் விளம்பரம் ஓடியது. அது பிடித்த பிடி இன்றுவரை விடவில்லை. ஆயிரக்கணக்கான திரைகளில் ஒரே நாளில் இறக்கினால், அத்தனை பேருக்கும் அந்த ஒரு நாளைத் தெரியப்படுத்தியாக வேண்டும். 2023-இல் 'பார்பி' படத்தைத் தயாரிக்க ஆன செலவு சுமார் 14.5 கோடி டாலர். சந்தைப்படுத்த 15 கோடி டாலர் ஆனதாகத் திரைத்துறை இதழ்கள் எழுதின. படத்தை எடுக்க ஆனதைவிட, படம் வருகிறது என்று சொல்ல அதிகம் ஆகியிருக்கிறது! அந்தப் படம் ஓடியது, சரி. ஓடாத படத்துக்கும் அறிவிப்புச் செலவு உண்டு என்பதை யாரும் போஸ்டரில் அச்சிடுவதில்லை.

நஷ்டம், ஆக, தயாரிப்பாளர் தலையிலும் விநியோகஸ்தர் தலையிலும். கணக்கு மட்டும் ஊரறிந்தது. திங்கட்கிழமை காலை வசூல் எண்கள் வெளியே வந்துவிடும். தோல்வி என்றால் பகிரங்கத் தோல்வி. கொடுமைதான். ஆனாலும் அந்தப் பகிரங்கத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அடுத்த படத்துக்குச் சம்பளம் பேச உட்காரும் இயக்குநரிடம் மறுக்க முடியாத ஓர் எண் இருக்கும். இந்த வசதி மற்ற இரண்டு வழிகளிலும் இதே அளவுக்குக் கிடைக்காது.

இன்னொன்று, அரங்கில் ஓடும் காலமே பின்னால் வரும் விற்பனைகளுக்கு விளம்பரம். அரங்கு, பிறகு வீட்டில் காசு கொடுத்துப் பார்ப்பது, பிறகு சந்தா மேடை, பிறகு தொலைக்காட்சி என்று ஒரே படத்தைப் படிப்படியாகக் குறையும் விலைக்கு விற்கலாம். அமெரிக்காவில் அரங்குக்கும் வீட்டுக்கும் நடுவிலான இந்த இடைவெளி 90 நாள் அளவில் இருந்தது. 2020-இல் யுனிவர்சலும் ஏஎம்சி அரங்கு நிறுவனமும் 17 நாளுக்கு இறங்கி வந்தன. பெருந்தொற்றுக்குப் பின் பலர் 45 நாளை ஒட்டி நின்றார்கள். 2021-இல் வார்னர் பிரதர்ஸ் இடைவெளியே வேண்டாம் என்று தன் படங்களை அரங்கிலும் தன் சந்தா மேடையான ஹெச்பிஓ மேக்ஸிலும் ஒரே நாளில் வெளியிட்டது. அதே ஆண்டு டிஸ்னி 'பிளாக் விடோ'வை அப்படி வெளியிட்டபோது அதன் நாயகி ஸ்கார்லெட் ஜோஹான்சன் வழக்குத் தொடுத்தார். அவருடைய ஊதியத்தின் ஒரு பகுதி அரங்கு வசூலோடு பிணைந்திருந்தது. வீட்டிலேயே படம் கிடைத்தால் அந்த வசூல் குறையும் என்பதே அவர் வாதம். சில மாதங்களில் சமரசம் ஆயிற்று. வெளியீட்டுத் தேதி ஏதோ சந்தைப்படுத்தல் பிரிவின் விவகாரம் என்று நினைத்திருந்தவர்களுக்கு, அது சம்பள விவகாரமும்கூட என்று அந்த வழக்கு காட்டியது.

சந்தா மேடை: மெத்தை நன்றாக இருக்கிறது, கதவு அவர்களுடையது

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் இன்று அதிகம் பேர் ஆசைப்படுவது இந்த வழிக்குத்தான்.

1997-இல் தொடங்கி, தபாலில் டிவிடி வாடகைக்கு அனுப்பிக்கொண்டிருந்த நெட்ஃப்ளிக்ஸ் 2007-இல் இணைய ஒளிபரப்புக்கு வந்தது. 2013 பிப்ரவரியில் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரின் 13 அத்தியாயங்களையும் ஒரே நாளில் வெளியிட்டது. சொந்தத் தொடர்களுக்கு அது பரவலாக்கிய பேரம் இப்படி: தயாரிப்புச் செலவு முழுவதையும் கொடுத்துவிடுவோம், அதன்மேல் ஒரு லாபத் தொகையும் தருவோம், உலக உரிமை எங்களுக்கு. படைப்பாளி பக்கம் நஷ்ட பயமே இல்லை. ட்ரெய்லர் வெட்டுவது, மொழி மாற்றுவது, துணைத்தலைப்பு போடுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. இதைவிடச் சுகமான ஏற்பாடு இந்தத் தொழிலில் கிடையாது.

சுகத்துக்கு விலை பின்னால் வருகிறது. தொடர் எதிர்பாராமல் பெரிதாக ஓடினால் கூடுதல் பங்கு இல்லை. 2021-இல் 'ஸ்க்விட் கேம்' வந்தபோது, அதற்கு ஆன செலவு சுமார் 2.14 கோடி டாலர் என்றும், அதன் மதிப்பை நெட்ஃப்ளிக்ஸ் தன் உள்கணக்கில் ஏறக்குறைய 89 கோடி டாலர் என்று மதிப்பிட்டிருந்தது என்றும் ப்ளூம்பெர்க் செய்தி வெளியிட்டது. அந்த வித்தியாசம் ஒப்பந்தப்படி யாருக்குச் சேரும் என்று விளக்க வேண்டியதில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் 1951-இல் தொடங்கிய அமெரிக்க நகைச்சுவைத் தொடர் 'ஐ லவ் லூசி'யை வைத்துப் பார்க்கலாம். தொடரைப் படச்சுருளில் எடுத்தால் செலவு கூடும் என்று தொலைக்காட்சி நிறுவனம் தயங்கியது. அதில் நடித்த தம்பதி லூசில் பாலும் டெசி அர்னாஸும் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக அத்தியாயங்களின் உரிமையை வாங்கிக்கொண்டார்கள். ஒரு முறை ஒளிபரப்பான நகைச்சுவையை மறுபடியும் யார் பார்ப்பார்கள் என்ற நினைப்பு அன்று இயல்பானது. சில ஆண்டுகளில் அதே நிறுவனம் அதே உரிமையைப் பல லட்சம் டாலர் கொடுத்து அவர்களிடமிருந்து விலைக்கு வாங்கியது. முன்பணத்தைக் குறைத்து உரிமையைக் கூட்டிக்கொள்வது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

பழைய சரக்குக்கு எப்போது உயிர் வரும் என்று யாருக்கும் தெரியாது. 2019-இல் முடிந்துபோன 'சூட்ஸ்' தொடர் 2023-இல் நெட்ஃப்ளிக்ஸில் ஏறி, பார்வையாளர் எண்ணிக்கையை அளக்கும் நீல்சன் நிறுவனத்தின் கணக்குப்படி அமெரிக்காவில் அந்த ஆண்டு சந்தா மேடைகளில் மிக அதிகம் பார்க்கப்பட்ட தொடராயிற்று: 5,770 கோடி நிமிடம். அது இரவல் சரக்கு. உரிமை வேறிடத்தில் இருந்ததால் வாடகை வந்தது. மேடையே சொந்தக்காரராக இருந்திருந்தால் வாடகை என்ற பேச்சே எழாது.

கணக்கு விஷயத்தில் இந்த மேடைகள் வெகுகாலம் வாயே திறக்கவில்லை. தன் தொடரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது எழுதியவருக்கே தெரியாத நிலை. 2023-இல் அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 148 நாள் வேலைநிறுத்தம் செய்ததன் காரணங்களில் இதுவும் ஒன்று. அதன் முடிவில் வந்த ஒப்பந்தம், மேடைக்காகவே எடுக்கப்பட்ட படைப்பை உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 சதவீதம் பேருக்குச் சமமான அளவு முதல் 90 நாளில் பார்த்தால் எழுத்தாளருக்குக் கூடுதல் தொகை என்றது. ஒப்பந்தம் முடிந்து சில மாதங்களில், 2023 டிசம்பரில், நெட்ஃப்ளிக்ஸ் 18,000-க்கும் மேற்பட்ட தலைப்புகளின் பார்வை நேரத்தை முதன்முறையாகப் பட்டியலிட்டது. கதவு சற்றே திறந்தது. ஆனால் தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருக்கிறது.

கதவைச் சாத்தவும் அவர்களால் முடியும். 2022-இல் வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி, ஹெச்பிஓ மேக்ஸிலிருந்து தன் சொந்தத் தலைப்புகள் பலவற்றை நீக்கியது. எடுத்து முடிக்கப்பட்டுவிட்ட 'பேட்கேர்ள்' (Batgirl) படத்தை வெளியிடாமலேயே கைவிட்டது. அரங்கில் தோற்ற படமாவது எங்காவது கிடைக்கும்.

உண்மையில் இந்த அமைப்பு புதிதல்ல. 1948-க்கு முன் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்கள் படமும் எடுத்தன, விநியோகமும் செய்தன, அரங்குகளையும் வைத்திருந்தன. எடுப்பவரே காட்டுபவராக இருந்தால் போட்டி சாகும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் சொன்னதற்குப் பிறகே அரங்குகள் கைமாறின. அந்தக் கட்டுப்பாடுகளை நீதிமன்றம் 2020-இல் விலக்கியது. அதற்குள் எடுப்பவரும் காட்டுபவரும் கைபேசிக்குள் மறுபடி ஒருவராகிவிட்டிருந்தார்கள்.

மொத்தமாக வெளியிடுவதா, வாரம் ஒன்றா என்ற சண்டையில் நான் வாரத்தின் பக்கம். மர்மக் கதையைப் பதின்மூன்று அத்தியாயமாக ஒரே ராத்திரியில் கொட்டினால் பேச்சு பத்து நாளில் அடங்கிவிடுகிறது. வாரம் ஒன்று என்றால், ஏழு நாள் ஊகத்தை மக்களே இலவசமாக விளம்பரம் செய்கிறார்கள்; சந்தாவையும் நடுவில் நிறுத்த மாட்டார்கள். டிஸ்னி பிளஸ் 2019-இல் தொடங்கியதிலிருந்தே தன் முக்கியத் தொடர்களை வாரந்தோறும் வெளியிட்டது. நெட்ஃப்ளிக்ஸும் சில பெரிய தொடர்களை இரண்டு பாகமாகப் பிரித்தது. தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

விளம்பரத்தால் நடக்கும் தொலைக்காட்சியைத் தனியாக அலசத் தேவையில்லை. 2022 முதல் காலாண்டில் இரண்டு லட்சம் சந்தாதாரர்களை இழந்த நெட்ஃப்ளிக்ஸ், அதே ஆண்டு நவம்பரில் விளம்பரத்தோடு கூடிய மலிவுச் சந்தாவைக் கொண்டுவந்தது. தொலைக்காட்சி பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது.

திறந்த தளம்: சாவி உங்களிடம், தெரு அவர்களுடையது

யூடியூபில் உரிமை உங்களிடமே இருக்கிறது. நீண்ட காணொளிக்கு விளம்பர வருவாயில் 55 சதவீதம், ஷார்ட்ஸ் எனும் குறுங்காணொளிக்கு 45 சதவீதம் படைப்பாளிக்கு. திரையரங்குப் பங்கை நினைத்தால் தாராளமாகத் தோன்றும். ஆனால் டிக்கெட் விலை போல அங்கே ஒரு விலை கிடையாது. யார் பார்க்கிறார்கள், எந்த நாட்டிலிருந்து, எந்த மாதம், என்ன பொருள் என்பதைப் பொறுத்து விளம்பர விலை ஏறி இறங்கும். தயாரிப்புச் செலவு மொத்தமும் உங்களுடையது, அதுவும் முன்கூட்டியே.

சந்தைப்படுத்தலும் உங்கள் வேலைதான். நிமிடத்துக்கு 500 மணி நேரத்துக்கும் அதிகமான காணொளி வந்து விழும் இடத்தில் முகப்புப் படம், தலைப்பு, முதல் அரை நிமிடம் ஆகியவையே உங்கள் போஸ்டர், ட்ரெய்லர் எல்லாம். தளம் தன் பரிந்துரை அளவுகோலை மாற்றினால் படைப்பின் வடிவமே மாறும். 2012-இல் யூடியூப் கிளிக் எண்ணிக்கையிலிருந்து பார்வை நேரத்துக்கு மாறியது. அதன்பின் நீண்ட காணொளி எடுப்பதில் ஆதாயம் வந்தது. உங்கள் 'சந்தாதாரர்' என்று தளம் காட்டும் எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அவர்களின் முகவரி உங்களிடம் இல்லை. தளம் காட்டினால்தான் அவர்களுக்கு நீங்கள் தெரிவீர்கள்.

கணக்கைப் பொறுத்தவரை இதுவே மூன்றிலும் சிறந்தது. எந்த நொடியில் எத்தனை பேர் எழுந்து போனார்கள் என்பதுவரை தெரியும். சில நேரம் அது தெரியாமலிருந்திருக்கலாம் என்றுகூடத் தோன்றும்.

பணம் இருந்தால் சொந்தமாகவே ஒரு தளம் தொடங்கலாமே என்பவர்களுக்கு க்விபியின் கதை போதும். 175 கோடி டாலர் முதலீடு, பெரிய நட்சத்திரங்கள், கைபேசிக்கென்றே பத்து நிமிடத் தொடர்கள். 2020 ஏப்ரலில் தொடங்கி அதே ஆண்டு டிசம்பரில் மூடப்பட்டது. தோல்விக்குப் பல காரணங்கள். என் கண்ணில் படுவது ஒரு சின்னக் காரணம்: தொடக்கத்தில் அதில் ஓடும் காட்சியைத் திரைப்பிடிப்புக்கூட (ஸ்கிரீன்ஷாட்) எடுக்க முடியாது. ரசிகர் கையிலிருந்த இலவச விளம்பரத்தைத் தாங்களே பிடுங்கிக்கொண்டார்கள்.

நேர்மாறான உதாரணமும் உண்டு. 2023-இல் டெய்லர் ஸ்விஃப்ட் தன் இசை நிகழ்ச்சிப் படத்தை ஸ்டூடியோ எதுவும் இல்லாமல், ஏஎம்சியோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டு அரங்குகளுக்குக் கொண்டுவந்தார். உலக வசூல் 26 கோடி டாலரைத் தாண்டியது. விநியோகஸ்தர் செய்ய வேண்டிய பாதி வேலையை ரசிகர் கூட்டம் ஏற்கெனவே செய்துவைத்திருந்தது. அந்தக் கூட்டம் இல்லாதவர் அதே கணக்கைப் போட்டுப் பார்ப்பது வீண்.

எனக்கு ஒரு படம் கையில் இருந்தால்

கூட்டமாகச் சிரிக்க, கூட்டமாகப் பயப்பட வேண்டிய படம் என்றால், குறைந்த அரங்குகளிலாவது முதலில் ஓட்டுவேன். கடன் கழுத்தை நெரிக்கிறது, அல்லது ஒரே மூச்சில் பல மொழிகளுக்குப் போக வேண்டிய கதை என்றால் சந்தா மேடை. ஆனால் முழு விற்பனையாக இல்லாமல், கால வரம்புள்ள உரிமமாக. ஒரு துறையைப் பற்றி விடாமல் பேசக்கூடிய, மாதம் நான்கு காணொளி எடுத்தும் சலிக்காதவருக்குத்தான் திறந்த தளம். ஒற்றைப் படத்தை எடுத்துவிட்டு அடுத்த மூன்று ஆண்டு மௌனமாக இருப்பவருக்கு அது பாலைவனம்.

எந்த வழியானாலும் ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடிப் படிக்க வேண்டும்: "இப்போதுள்ள, இனி கண்டுபிடிக்கப்படக்கூடிய எல்லா ஊடகங்களிலும், பிரபஞ்சம் முழுவதும், என்றென்றும்." வேடிக்கைக்குச் சொல்லவில்லை, வழக்கறிஞர்கள் உண்மையிலேயே பிரபஞ்சம் என்று எழுதுகிறார்கள். அந்த இடத்தில் ஐந்து ஆண்டு என்று கேட்டுப் பார்க்கலாம். ஏழு என்பார்கள். சரி, ஏழு, ஆனால் அதன்பின் உரிமை தானாகத் திரும்பிவிடும் என்றும், பார்வைக் கணக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுத்தில் வரும் என்றும் அதே பக்கத்தில் சேர்த்த பிறகே பேனாவைத் திறப்பேன்.